உல்லாஸ்நகர் போகிற நாள்

முதலில் நான் பார்த்தது அந்தக் கையைத்தான். முகத்தை அவள் துப்பட்டாவால் சுற்றிக் கட்டியிருந்தாள். வெயிலுக்கும் புகைக்கும் பயந்து ஸ்கூட்டரில் போகும் பம்பாய்ப் பெண்கள் கட்டுவதுபோலக் கண் மட்டும் தெரிந்தது. ஆனால் அவள் உடுத்தியிருந்தது புடவை. புடவைக்கு மேல் துப்பட்டா கட்டி யாரையும் நான் பார்த்ததில்லை என்பதால்தான் என் கண் அங்கே போய் நின்றது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள் நீண்டிருந்த கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஆவி பட்டுப் பட்டுப் பொரிந்த தழும்புகள். தாராவியில் எங்கள் சந்தில் இட்லி அவிக்கும் பெண்கள் எல்லோருக்கும் அப்படித் தழும்பு உண்டு. ஆனால் கட்டைவிரலுக்குக் கீழே மீன் செதில்போல் அடுக்கடுக்காகத் தோல் உரிந்து சேர்ந்த அந்த இடம் ஒருத்திக்குத்தான் உண்டு. எங்கள் எதிர்வீட்டு மயினிக்கு. ஊர் வழக்கப்படி நான் அண்ணி முறை வைத்துக் கூப்பிடுபவள்.

என் இடுப்பில் இருந்த மகள் சிணுங்கினாள். மயினி திரும்பினாள். எங்கள் கண்கள் சந்தித்தன. அடுத்த நொடியே நான் சுவரில் ஒட்டியிருந்த காசநோய் விளம்பரத்தை வாசிக்கத் தொடங்கினேன். அவள் மாத்திரை டப்பாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னை ஒருநாளும் பார்த்திராதவள்போல வரிசையை ஒட்டி வெளியே நடந்தாள். குழந்தை மட்டும் நடிக்கவில்லை. தினமும் தன்னைத் தூக்கும் கை அருகில் போகிறதென்று கண்டுகொண்டு இரண்டு கைகளையும் நீட்டித் தாவியது. மயினி கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கல்யாணைத் தாண்டி, உல்லாஸ்நகர்ப் பக்கம் இருக்கிறது என்பது போதும். தாராவியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது நாங்கள் ஏன் ரயிலேறி அவ்வளவு தூரம் போனோம் என்று வெளியாட்கள் கேட்கலாம். எங்கள் சந்தில் யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக, பெருக்குபவராக, வார்டு வேலைக்கென்று வீட்டுக்கு ஒருவராவது போகிறார்கள். பிரசவத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, பிறகு என் கணவருக்கும் தெரிந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் செய்த முதல் காரியம் அழுததுகூட இல்லை. எங்கே போனால் நம் ஊர் ஆட்கள் இருக்க மாட்டார்கள் என்று யோசித்ததுதான். எப்படி வந்தது, யாரிடமிருந்து யாருக்கு என்ற பேச்சை நாங்கள் ஒருமுறை பேசி முடித்துவிட்டோம். அதை இங்கே கொண்டுவர எனக்கு விருப்பமில்லை.

நான் பி.காம். படித்தவள். பிரசவம்வரை மாட்டுங்காவில் ஒரு கூரியர் ஆபீசில் கணக்கெழுதினேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் என்று பெயர். மாத்திரை விஷயத்திலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் சொன்ன நேரத்தில், சொன்னபடி, ஒருநாள் தவறாமல் போட்டுக்கொண்டேன். ஒழுங்காகப் போட்டுவந்தால் ரத்தத்தில் கிருமி தலைதூக்காது, குழந்தைக்குத் தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அதை நம்பினேன். ஆனாலும் மகள் மார்பில் வாய் வைக்கும் ஒவ்வொரு முறையும், நேற்று போட்டேனா, போட்டதாக நினைத்துக்கொண்டேனா என்று மனம் ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரும்.

உல்லாஸ்நகர் போவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அங்கே துணி மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். "நைட்டி எடுத்து விக்கப்போறேன்" என்று சந்தில் சொன்னேன். சொன்னபிறகு வெறுங்கையோடு வர முடியுமா? மருந்து வாங்கிவிட்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் அலைந்து, ஒரு பை நைட்டி வாங்கி வருவேன். சந்துப் பெண்கள் பையைப் பிரித்து, "போன தடவ பூப்போட்டது நல்லாருந்துச்சு, இது என்ன, ஜன்னல் திரைச்சீல மாதிரி" என்று நொட்டை சொல்லிக்கொண்டே வாங்குவார்கள். எல்லோரையும்விடப் பெரிய வாய் எதிர்வீட்டு மயினிக்குத்தான். "இந்த நைட்டிய இன்னிக்குத் தொவச்சா நாளைக்குப் பிள்ளைக்கு ஜட்டி தைக்கலாம்" என்பாள். அவளுக்கும் சில மாதங்களுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவர உல்லாஸ்நகரில் ஒரு தங்கச்சி இருந்தாள். அந்தத் தங்கச்சியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை என்பது அந்த ஜன்னல் முன் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஒளிவதற்காகத் தூரமாகப் போன இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போயிருக்கிறோம்.

அதுவரை தினமும் காலையில் முதல் ஈட்டில் எனக்கு ஒரு தட்டு இட்லி வரும். பால் கொடுக்கிறவள் வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது என்று மயினி தானாக ஆரம்பித்த வழக்கம் அது. உல்லாஸ்நகரில் பார்த்த மறுநாள் தட்டு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வாசலில் பார்த்தால் சட்டியைக் கழுவுவதில் மும்முரமாகிவிடுவாள். மகளைத் தூக்குவதில்லை. என்னை அருவருக்கிறாள் என்று நினைத்தேன். தனக்கும் அதுவே இருக்கும்போது எப்படி அருவருப்பாள் என்றும் நினைத்தேன். சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். நான் சொல்லிவிடுவேன் என்று அவள் பயப்படுவாளோ என்று பிறகு தோன்றியது. போய்ப் பேசவேண்டும் என்று நினைத்து, பேசினால் என்ன ஆகும் என்று நினைத்து, அப்படியே மாதங்கள் போயின. என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பார்மசிஸ்ட், நிமிர்ந்து பார்க்காமல், "மால் நஹி ஆயா" என்றார். சரக்கு வரவில்லை. எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து ஒரு சின்னக் காகிதக் கவரில் ஒரு வாரத்துக்கு மட்டும் எண்ணிப் போட்டுக் கொடுத்தார். முன்பு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தவர்கள். வாரம் முடிந்து போனபோது அதைவிடச் சின்னக் கவர். பின்னால் நின்ற ஒருவர் சத்தம் போட்டார். பார்மசிஸ்ட் காலி அலமாரியைத் திறந்து காட்டினார். அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. நானும் கைக்குழந்தையைக் காட்டிக் கேட்டுப் பார்த்தேன். அதற்குமேல் கேட்க எனக்குத் தெரியவில்லை. அன்று நைட்டி வாங்காமல் திரும்பினேன்.

வெளியில் வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். மாட்டுங்காவில், கோயிலுக்குப் பூக்கட்டி விற்கும் தெருவின் முனையில் ஒரு பெரிய மருந்துக்கடை. ஆபீசுக்குப் போய்வந்த காலத்தில் தலைவலி மாத்திரை வாங்கிய கடைதான். டாக்டர் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மருந்தின் பெயரை உள்ளே இருந்தவரைப் பார்த்து உரக்கச் சொன்னார். உள்ளேயிருந்து, "அதெல்லாம் கவர்ன்மெண்ட்ல ஃப்ரீயா தர்றதாச்சே, எய்ட்ஸ் மருந்து" என்று நல்ல தமிழில் அதைவிட உரக்கப் பதில் வந்தது. எனக்குப் பக்கத்தில் பிரஷர் மாத்திரைக்கு நின்றிருந்த பட்டுப்புடவை மாமி, குழந்தையின் கன்னத்தைத் தொடப்போன விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார். "எனக்கில்ல, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு" என்றேன். யாரும் என்னைக் கேட்கவே இல்லை.

செம்பூர்க் கடைக்காரர் மரியாதையானவர். குரலைத் தாழ்த்தி, ஆர்டர் போட்டு வரவழைக்கிறேன், போன் பண்ணுகிறேன் என்றார். போன் வரவில்லை. நான் பண்ணினேன். நாளைக்கு வந்துவிடும் என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். அடைமழையில் ரயில் தண்டவாளம் முழுகிக் கிடந்தது. உல்லாஸ்நகருக்குப் போன் செய்தால் இன்னும் வரவில்லை என்ற பதில்தான். பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் வாசல்வரை ஒருநாள் போனேன். எங்கள் சந்து ஆயா ஒருத்தி டீ கிளாஸோடு நின்றிருந்தாள். "என்ன, பிள்ளைக்குச் சளியா?" என்றாள். "ஆமா" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். எந்த ஊரில் பதிந்திருந்தாலும், இந்த மாதிரி நேரத்தில் அங்கேயும் போய்க் கேட்டிருக்கலாம் என்று பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் அந்த டீ கிளாஸைத் தாண்டி நடந்திருப்பேனா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

இவ்வளவுக்கும் நடுவே ஒன்றைக் கவனித்தேன். கவரில் மாத்திரை குறையவேண்டிய வேகத்தில் குறையவில்லை. முதலில் என் கணக்குத்தான் தப்பு என்று நினைத்தேன். பிறகு என் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டேன். அவர் தாராவியிலேயே ஒரு கார்மெண்ட் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். பொய் சொல்லத் தெரியாதவர். செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ பால் குடுக்கே. நீ போடு. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். நடுவில் விட்டால் மருந்துக்குக் கிருமி அடங்காமல் போகும், பிறகு அந்த மருந்தே வேலை செய்யாது என்று எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கவுன்சிலர் சொன்னது எனக்கு மனப்பாடம். அவருக்கும் மனப்பாடம். "அப்ப நானும் போடல" என்றேன். "பிள்ளைய வச்சுக்கிட்டு வெளயாடாத" என்று கத்திவிட்டுப் போனார். எங்களுக்குள் அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. குழந்தை அழுதது. பால் கொடுக்க உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அவருடைய மாத்திரை, ஒரு பக்கம் இவளுடைய வாய். இதற்கிடையில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அன்று மதியம் மயினியின் கதவைத் தட்டினேன்.

இட்லிக்காரர் வீட்டுக் கதவை மதியத்தில் தட்டக்கூடாது என்பது எங்கள் சந்தில் எழுதாத சட்டம். கோழி கூவுமுன் எழுந்து, அவித்து, விற்று, அரிசி நனையப்போட்டுவிட்டு அவர்கள் படுக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் சந்தில் ரேடியோகூடப் பாடாது. மூன்றாவது தட்டலில், "எவம்லே அது?" என்று உள்ளிருந்து குரல். கதவு திறந்தது. என்னைப் பார்த்ததும் தூக்கம் கலைந்த கண் குழந்தையிடம் போனது.

"பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல மயினி."

"பின்ன என்னட்டி இந்நேரம்? நைட்டி விக்க வந்தியா?"

வரிசையாக நினைத்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "அங்க மருந்து வரல மயினி" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். ஊறும் அரிசியின் வாசனை. கிரைண்டரின் மேல் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு என்னயத் தெரிஞ்சுதா உனக்கு?"

"தெரிஞ்சுது."

"மூஞ்சியக் கட்டிருந்தேனேட்டி!"

"கையக் கட்டலயே மயினி."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அது பாதியிலேயே நின்றது.

"யார்ட்ட சொன்ன?"

"யார்ட்டயும் சொல்லல. இவுங்ககிட்டகூடச் சொல்லல."

"ஒரு வார்த்த போதும், கேட்டியா? நாளைக்கு என் வாசல்ல ஒரு ஈ காக்கா வந்து நிக்காது. சட்டியக் கவுத்திட்டு நான் ரயிலேற வேண்டியதுதான்." அவள் கணவர் லாரி ஓட்டியவர். மஞ்சள்காமாலையில் போனார் என்று சந்தில் பேச்சு. அப்படித்தான் பேச்சாக இருக்கவேண்டும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

கேட்கவந்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டேன். "இட்லி ஏன் மயினி நிப்பாட்டுனீங்க?"

"நீ வாங்கிட்டு, கதவச் சாத்திட்டுக் குப்பைல கொட்டிருவியோன்னுதான்."

"எனக்கும் அதான மயினி இருக்கு!"

"இருந்தா? இட்லில வராதுன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். மனசு கேக்கணும்லா. நீ பச்சப்பிள்ளக்காரி." பிறகு, "கொட்டுனா எனக்குத் தெரியாமலாட்டி போவும், எதுத்த வீட்ல இருந்துக்கிட்டு" என்றாள்.

மாத்திரை எங்களுக்குத் தீரப்போவதைச் சொன்னேன். அவர் எனக்காகப் போடாமல் இருப்பதைச் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. மயினி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ஆம்பளைங்க இப்படித்தான். தியாகம் பண்ணிட்டுப் படுத்துக்கிடுவானுவ. பொறவு தூக்கிச் சொமக்கிறது நாம" என்று முணுமுணுத்துக்கொண்டே பரணிலிருந்து வெந்தய டப்பாவை இறக்கினாள். வெந்தயத்துக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தாள். மருந்தின் பெயர் அச்சிட்ட மேல் காகிதத்தைக்கூட அவள் கிழித்திருக்கவில்லை. அவள் வீட்டில் வெந்தய டப்பாவை வேறு யாரும் திறக்கப்போவதில்லை. தட்டுப்பாடு வருவதற்கு முன்பே அவள் முறை வந்திருந்ததால் மூன்று மாதத்துக்கும் சேர்த்து வாங்கியிருந்தாள்.

"ஒரே மருந்துதானா பாரு. நீதான இங்கிலீஷ் படிச்சவ."

பெயரையும் அளவையும் காலாவதித் தேதியையும் மூன்று தடவை வாசித்தேன். ஒன்றுதான். அப்படியும் மனம் கேட்கவில்லை. அங்கிருந்தே கவுன்சிலருக்குப் போன் செய்தேன். மயினியின் பெயரைச் சொல்லவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் இதே மருந்து இருக்கிறது, வாங்கிப் போடலாமா என்று கேட்டேன். அடுத்தவர் மருந்தைப் போடு என்று என்னால் சொல்ல முடியாது என்றார். பெயர், அளவு, தேதி மூன்றும் ஒன்றா என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். விடாமல் போடுங்கள், இருவருமே, என்று சொல்லி வைத்துவிட்டார். அது சம்மதமா இல்லையா என்று நான் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மயினி மாத்திரைகளை மடியில் கொட்டி இரண்டு பங்காகப் பிரித்திருந்தாள்.

"உங்களுக்குக் குறைஞ்சிருமே மயினி. அங்க இன்னும் வராமலே போயிட்டா?"

"சும்மா ஒண்ணும் தரல. வந்ததும் திருப்பிக் குடுக்கணும். நான் என்ன தர்மப்பிரபுவா? எனக்கும் உசிரு வேணும்லா."

அந்தச் சொல்தான் என்னை வாங்கவைத்தது. சும்மா தந்திருந்தால் வாங்கியிருப்பேனோ என்னவோ. வீட்டுக்கு வந்து அவர் வந்ததும் முதல் மாத்திரையை அவர் வாயில் நானே போட்டேன். யார் கொடுத்தது என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் மாத்திரை வெந்தய வாசம் அடித்தது. தண்ணீர் குடித்தபிறகும் அடிநாக்கில் ஒரு கசப்பு நிற்கும். கையில் இருந்தும் நான் நிம்மதியாக இல்லை. எங்கள் பங்கு குறையக் குறைய, எதிர்வீட்டு டப்பாவிலும் குறைகிறது என்ற எண்ணம் கூடவே வந்தது. அவள் வீட்டில் இருமல் சத்தம் கேட்டால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

மழை விட்டபிறகு சரக்கு வந்தது. செம்பூர்க் கடைக்காரர் கடைசிவரை போன் செய்யவில்லை. வாங்கிவந்த அன்றே மயினியின் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. என் முன்னாலேயே உள்ளங்கையில் எண்ணிப் பார்த்து, வெந்தயத்துக்குள் புதைத்து மூடினாள். மறுநாள் காலை இட்லித் தட்டு வந்தது.

இதற்குப் பிறகு நான் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். இன்னொரு மழையை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. நீங்களும் வாருங்கள் மயினி, சேர்ந்தே மாற்றிக்கொள்ளலாம் என்று கூப்பிட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "நீ மேல போடுறத விக்கே. நான் வாயில போடுறத விக்கேன்" என்றாள். அவள் சொன்னது சரிதான். டீ கிளாஸ் ஆயா என்னை மருந்து ஜன்னலில் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சந்தில் இரண்டு மூன்று பேர் நைட்டி வாங்குவதை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் பிள்ளையை என் மகளோடு விளையாட விடுவதில்லை. அதைவிட எனக்கு உறைத்தது, ஒருநாள் குழாயடியில் மயினி மெல்ல என் பக்கம் வந்து, "கொஞ்ச நாளைக்கு என் வாசல்ல வந்து நிக்காதட்டி" என்று சொன்னதுதான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மறுபடி தட்டு நின்றது. இந்த முறை ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மாற்றிக்கொண்டது சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என் மகள் வளர்ந்து, இந்தச் சந்தில் அவளை யார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று யோசிக்கிறேன். அவள் பால்குடி மறந்து, ஒன்றரை வயது முடிந்தபிறகு எடுக்கும் கடைசிப் பரிசோதனை போன மாதம் நடந்தது. முடிவு வாங்கப் போன அன்று பட்டறையில் அவசர ஆர்டர். அவரால் வரமுடியவில்லை. டாக்டர் காகிதத்தைப் பார்த்து, பிறகு குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். "இவளுக்கு இல்லை. இனி இவள் இங்கே வரவேண்டியதில்லை" என்றார். வராந்தாவுக்கு வந்து என் கணவருக்குப் போன் செய்தேன். மெஷின் சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டதும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு மயினிக்குச் செய்தேன். காலை வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரம் என்று தெரிந்தும் செய்தேன்.

"மயினி, பிள்ளைக்கு இல்லன்னு வந்துட்டு" என்றேன்.

அந்தப் பக்கம் சட்னிக்கு மிக்ஸி ஓடி நின்றது. யாரோ இந்தியில் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்கள். மயினி, வாசலில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, "ராங் நம்பர்!" என்றாள்.

ஆனால் போனை வைக்கவில்லை. எங்கேயோ பக்கத்தில், மாவுச் சட்டிக்கு அருகில் வைத்திருக்கவேண்டும். கொப்பரை மூடி திறக்கும் ஓசை கேட்டது. இட்லி தட்டிலிருந்து பெயரும் சத்தம், சில்லறை விழும் சத்தம், நடுநடுவே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம். நான் என் மகளின் காதில் போனை வைத்தேன். வராந்தாவில் ஆட்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.